ஒன்றரை அடி

என் சாண் ஏழே முக்கால் அங்குலம். முதல் வருடம் முதல் வாரத்தில் ஆளுக்கொரு டேப்பைக் கொடுத்து, போய் உங்களையே அளந்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள். சாண், முழம், நிற்கும்போது கண்ணின் உயரம், உட்காரும்போது கண்ணின் உயரம், நாற்காலியை விட்டு எழாமல் கை எட்டும் தூரம். பதினோரு வருடமாக அந்த எண்களோடுதான் நடமாடுகிறேன். இந்த பெஞ்ச் இரண்டு சாண், அதற்கு மேல் இரண்டு விரல். பதினேழு அங்குலம் இருக்கும். தேக்குதான், ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து விளிம்பு உருண்டிருக்கிறது. நான் குனிந்து பெஞ்சுக் காலை ஒட்டிக் கையை விரித்து அளந்ததைப் பக்கத்தில் இருக்கும் பெண் பார்த்துவிட்டாள். எதையோ கீழே போட்டுவிட்டேன் என்று நினைத்து அவளும் குனிந்தாள். "என்னக்கா விழுந்துச்சு?" ஒன்றுமில்லை என்றேன். பதினேழு. ஒன்றரை அடிக்கு ஓர் அங்குலம் குறைவு. எதைப் பார்த்தாலும் ஒன்றரை அடிக்கு எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்றுதான் மனம் போகிறது. காலையில் எழும்பூரில் இறங்கியதும் நடைமேடையில் இருந்த சிமெண்டு மேடை, டீக்கடை வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்த பால் கிரேட், இந்தக் கல்லூரி வாசலில் காவலாளியின் ஸ்டூல். ஸ்டூல் மட்டும் இரண்டடி. அவர் கால் தரையில் படாமல் ஆடிக்கொண்டிருந்தது. பதினான்காம் எண் நான். உள்ளே ஒன்பதாவது ஆள் போயிருக்கிறார். இன்னும் நான்கு பேர், அப்புறம் நான். இந்தத் தாழ்வாரத்தில் பன்னிரண்டடி உயரத்தில் கூரை, மரச்சட்டங்களுக்கு நடுவே செங்கல்லைச் சரித்து அடுக்கிய பழைய கூரை, ஆகையால் யார் மெதுவாகப் பேசினாலும் மேலே போய்த் திரும்பி வருகிறது. உள்ளே பேசுவது மட்டும் கேட்கவில்லை. பக்கம் திரும்பும் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துப் பார்க்கிறேன். போன வருடம் எனக்கு ஞாபகம் இருப்பது அந்தச் சத்தம்தான். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், நான் செய்த வேலைகளைத் தொகுத்த என் போர்ட்ஃபோலியோவை நடுவில் இருந்தவர் புரட்டினார், ஒரு பக்கம், இன்னொரு பக்கம், ஒரே வேகத்தில், கல்யாண ஆல்பம் புரட்டுவதுபோல. கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொன்னேன். கேள்வி முடிவதற்கு முன்பே சொன்னேன். ஏன் இந்தப் பக்கம் படிக்கட்டு, காற்று. ஏன் இந்தச் செங்கல், உள்ளூரில் கிடைப்பது. ஏன் மேற்படிப்பு, ஆராய்ச்சியில் ஆர்வம். நான்கு நிமிடம். "நல்லது, நிறைய வேலை பார்த்திருக்கீங்க" என்றார்கள். பட்டியலில் என் பெயர் இல்லை. இங்கே ஓர் ஆளை இரண்டு தடவைக்கு மேல் நேர்காணலுக்குக் கூப்பிடுவதில்லை என்று விதி. இன்றைக்கு இரண்டாவது.

திங்கட்கிழமை மாடசாமி சாருக்குப் பதில் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் அவருடைய அலுவலகத்தில் ஆறு வருடமாக இருக்கிறேன். அவர் என்ஜினியர், நான் ஆர்கிடெக்ட், அந்த வித்தியாசம் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும், வீடு கட்ட வருகிறவர்களுக்கு நாங்கள் இரண்டு பேரும் பிளான் போடுகிறவர்கள். நல்ல மனிதர். போன வாரம் புது போர்டு எழுதப்போவதாகச் சொன்னார். "உம் பேரயும் போட்டுருவோம்மா. ஆர்கிடெக்ட் சங்கரகோமதி, பி.ஆர்க். பெரிய எழுத்துலயே போடுவோம். திங்கக்கெழம சொல்லிரு, போர்டு எழுதுறவன் காத்துக் கெடக்கான்." சென்னைக்கு எதற்குப் போகிறேன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த நாளைச் சொன்னார். போர்டில் பெயர் வந்தால் வந்ததுதான். ஒரு பெயரை எழுதியபின் அழிக்க யாருக்கும் மனசு வராது. முப்பது வருடம் அந்தப் பெயருக்குக் கீழே வண்டியை நிறுத்துவேன். அதில் என்ன பயம். சொல்லத் தெரியவில்லை. பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் என் விரல்கள் எனக்கு முன்னாலேயே பிளானைப் போட்டு முடிப்பதைப் பார்க்கும்போது, அடுத்த வரி தெரிந்துவிட்ட பாட்டைக் கேட்கிற மாதிரி ஒன்று. கதவுக்கு ஒரு பிளாக், படிக்கட்டுக்கு ஒரு பிளாக், கழிப்பறைக்கு ஒன்று. ஏற்கெனவே வரைந்து பெயர் கொடுத்து வைத்திருக்கும் துண்டுகள். பெயரைத் தட்டினால் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஜன்னல் மேடைக்கும் ஒன்று இருக்கிறது. அதற்கு நான் கொடுத்த பெயர் ஸ்டெல்லா.

ஸ்டெல்லா நான் பிளான் போட்ட ஒரு வீட்டுக்காரர், பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறார். முகம் இல்லை, கால்கள்தான். பாளையங்கோட்டை ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டு நீல அட்டை வைத்த இந்தப் புத்தகம் என் மடியில் இருக்கிறது, பன்னிரண்டாம் பக்கம் தானாகவே விரிகிறது, அத்தனை தடவை திறந்திருக்கிறேன். படத்தில் முன்னறை ஜன்னல், கடப்பா கல் மேடை, அதில் உட்கார்ந்திருப்பவரின் முழங்காலுக்குக் கீழே மட்டும், தரையில் கழற்றிப் போட்ட வெள்ளை ஷூ, ஒன்று நிமிர்ந்தும் ஒன்று சாய்ந்தும். சாக்ஸைப் பாதி உருட்டிய கை. கீழே நான் எழுதியது. நின்று களைத்த உடலின் ஓய்வை நெடுநாள் கவனித்து, அதிலிருந்து இந்த ஜன்னல் மேடையின் உயரம் ஒன்றரை அடி என்று வடிவமைப்பாளர் வந்தடைந்தார். ஆங்கிலத்தில் இன்னும் கம்பீரமாக இருக்கிறது. வடிவமைப்பாளர் என்பது நான். நெடுநாள் கவனித்தது எங்கே. வந்தடைந்தது எங்கே. நான் எங்கும் வந்தடையவில்லை. தென்காசிக்குப் போகிற பஸ்ஸில் இருந்தேன். ஆலங்குளம் தாண்டியிருக்கும், அல்லது தாண்டவில்லை. தென்காசியில் வேறொரு சைட்டுக்கு கான்கிரீட் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். ஐந்து வருடத்துக்கு முன்னால், எனக்கு இருபத்து நான்கு. கொத்தனார் சுடலைமுத்து அண்ணன் போன் செய்தார். "எம்மா, ரோடு ஒசந்துகிட்டே போகுதுன்னு வீட்டுக்கார சார் தரைய ஒரு அடி ஏத்தச் சொல்லுதாவ. ஜன்னலுக்கு மேல வர்ற லிண்டல ஒரு அடி ஏத்திருதேன். மத்த ஜன்னலுக்கு அடிக்கட்டும் ஒசத்திரலாம், இன்னும் கல்லு போடல. மொகப்பு ஜன்னலுக்குத்தான் கல்லு பதிச்சாச்சு. அத என்ன செய்ய?" நான் சொன்னேன், "அது அப்படியே இருக்கட்டும்ணே." அவ்வளவுதான். வரைபடத்தில் அந்தக் கல் தரையிலிருந்து இரண்டரை அடி. பூந்தொட்டி வைக்க என்று ஒன்றேகால் அடி அகலத்தில் போட்டிருந்தேன். தரை ஓர் அடி ஏறியதும் அது ஒன்றரை அடி ஆனது. தரையை ஏற்றினால் ஜன்னல் இறங்கும் என்பது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும், அதனால்தான் அவர் கேட்டார். எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த நேரத்தில் அது மனதில் ஏறவில்லை. வீட்டை முடித்தபின் போய்ப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது, ஒரு ஜன்னல் மட்டும் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்ட ஆள்போலத் தாழ்ந்திருந்தது. யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே அறை அறையாக நடந்தேன். யாரும் கேட்கவில்லை. சுடலைமுத்து அண்ணன்கூட, "நல்லாத்தாம்மா அமைஞ்சிருக்கு" என்றார். அமைஞ்சிருக்கு. நான் அமைத்தேன் என்று அவர் சொல்லவில்லை, அந்தச் சொல்லுக்குள் யாருமே இல்லை.

பத்தாம் எண்ணைக் கூப்பிடுகிறார்கள். கதவைத் திறந்து கூப்பிடுகிற அலுவலக உதவியாளர் எண்ணைச் சொல்லிவிட்டுப் பெயரையும் சொல்கிறார், பெயரை எல்லோருக்கும் தெரிந்தவரைக் கூப்பிடுவதுபோல நீட்டிச் சொல்கிறார். பக்கத்துப் பெண் பதினைந்து. ஆயிஷா பர்வீன், ஆம்பூர். இந்த வருடம்தான் படிப்பை முடித்திருக்கிறாள். மடியில் துணிக்கடைப் பை, அதற்குள் வெள்ளை அட்டையில் செய்த ஒரு நூலகம். "பஸ்ல வர்றப்ப ஒரு பாட்டி எங்க நூலகத்து மேல சாஞ்சு தூங்கிட்டாங்கக்கா. மேல் மாடி போச்சு. நல்லவேள, திறந்தவெளி வாசிப்புக் கூடம்னு சொல்லிக்கலாம்." சிரித்தேன். என் மடியைப் பார்த்து, பார்க்கலாமா என்று கேட்டாள். கொடுத்தேன். புத்தகம் தானாகப் பன்னிரண்டாம் பக்கம் விரிந்தது. "இது நிஜமா கட்டுனதா?" ஆமாம். "அடேங்கப்பா. நாங்க அஞ்சு வருஷமா கட்டுனதெல்லாம் ஃபெவிகாலோட நின்னு போச்சு." படத்தின் மேல் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். கீழே எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. "யோசிச்சு வச்ச மாதிரியே இல்லக்கா" என்றாள். எனக்குக் காது சூடானது. "அப்படின்னா?" "நல்லாருக்குன்னு சொல்றேன். நாங்க ஜன்னல்ல உட்கார இடம்னு வரைஞ்சா, மெத்த போட்டு, கையில காபி கொடுத்து, ஒரு பொண்ண ஒட்டிடுவோம். இவங்க ஷூ கழட்டிட்டு இருக்காங்க." புத்தகத்தைத் திருப்பித் தந்தாள். மூடினேன். ஷூ கழற்றிக்கொண்டிருக்கிறார். ஆமாம். அவர் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். கணவர் ஆரோக்கியசாமி மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர், தரையை ஏற்றச் சொன்னவர். போன மாதம் இந்தப் படத்தை எடுக்கப் போனபோதுதான் ஸ்டெல்லா அவ்வளவு நேரம் என்னிடம் பேசினார். மத்தியானம் இரண்டரை, பணி முடிந்து வந்தவர் கதவைத் திறந்து நான்கு எட்டு வைத்து நேராக அந்த மேடையில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். உள்ளே அவருடைய மகள் பாத்திரத்தை நகர்த்தும் சத்தம், கணவர் போனில் யாரையோ அதட்டும் சத்தம், யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கால் மணி நேரம் கழித்துத்தான் எழுந்து வந்து, "வாங்க மேடம், சாப்பிட்டீங்களா" என்றார், அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தவரைப் போல. மகள் உள்ளே இருந்து, "அம்மா வந்தாச்சு" என்று அப்பாவுக்குச் சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. கேட்டேன். சிரித்தார். "நான் இதுல உட்கார்ந்திருக்கிற வரைக்கும் இன்னும் வரலன்னு கணக்கு, மேடம். யாரும் கூப்பிடக் கூடாது. தண்ணிகூடத் தர மாட்டாங்க. வார்டுல இருந்து வந்ததும் உடனே உள்ள போகப் பிடிக்காது. வெளிய நிக்கவும் தெம்பு இல்ல. இதுல இருந்தா ரெண்டும் இல்ல பாருங்க." பிறகு, "எப்படி மேடம் உங்களுக்குத் தோணுச்சு, அந்த வயசுல?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். சிரித்ததைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பொய் சொல்லவில்லை, சிரித்தேன், அந்தச் சிரிப்பை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அங்கிருந்துதான் பன்னிரண்டாம் பக்கத்தின் வாசகம் வந்தது. அதற்கும் முன்னால் மாடசாமி சார், வீடு முடிந்த வருடமே, அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு, "இது நல்லா இருக்கேம்மா, இனிமே எல்லா வீட்டுக்கும் இதப் போட்டுருவோம், விண்டோ சீட்டு" என்றார். அளந்து பிளாக் ஆக்கினேன். ஒன்றரை அடி உயரம், ஒன்றேகால் அடி அகலம், கடப்பா கல். பெயரைத் தட்டினால் வந்து உட்காரும். இதுவரை பதினோரு வீட்டில் உட்கார்ந்துவிட்டது. எனக்கு வந்த பிடிவாதத்தை என்ன என்று சொல்வது, ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்தப் பதினோரு வீடுகளுக்கும் போனேன். கசிவு கிசிவு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்பேன். கசிவு பார்க்க வந்த ஆர்கிடெக்டை இதற்கு முன் அவர்கள் பார்த்ததில்லை, சந்தோஷமாக உள்ளே விட்டார்கள், காட்ட நிறையக் கசிவும் இருந்தது. சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓரக்கண்ணால் ஜன்னலைப் பார்ப்பேன். மகாராஜநகரில் அதன்மேல் இன்வெர்ட்டர் பேட்டரி. சமாதானபுரத்தில் மடிக்க வேண்டிய துணி, மடித்த துணி, இரண்டும் கலந்து. ஒரு வீட்டில் தண்ணீர் கேன் மூன்று. ஒரு வீட்டில் குழந்தை ஏறி விழுந்துவிடும் என்று குறுக்கே ஷூ ராக் போட்டிருந்தார்கள், அதில் ஷூ இல்லை, பழைய செய்தித்தாள். கேடிசி நகரில் ஒரு டீச்சர் வீடு, மெத்தை தைத்துப் போட்டு, தலையணை வைத்து, மேலே பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் வைத்திருந்தார். "யாராவது வந்தா உட்காரலாம்னு" என்றார். நான் வந்திருந்தேன். என்னை நாற்காலியில்தான் உட்காரச் சொன்னார். பதினோரு வீட்டிலும் அதே உயரம், டேப் வைத்துப் பார்த்தேன், கால் அங்குலம்கூடப் பிசகவில்லை. ஒருவரும் உட்காரவில்லை. தவறாக வந்த ஒன்றில் ஒருவர் தினமும் உட்காருகிறார், சரியாகச் செய்த பதினொன்றில் பேட்டரி உட்கார்ந்திருக்கிறது. ஏன். வாசலில் இருந்து நான்கு எட்டு என்பதாலா. மற்ற வீடுகளில் ஆறு, ஏழு, ஒன்றில் ஒன்பது. வடக்குப் பார்த்த ஜன்னல் என்பதாலா. ஸ்டெல்லா என்பதாலா. அந்தக் கல் அங்கே இல்லையென்றால் அவர் எங்கே உட்கார்ந்திருப்பார், அந்தக் கால் மணி நேரம் எங்கே போயிருக்கும், வராமலே இருந்திருக்குமா, அல்லது வாசல்படியில், மொட்டைமாடிப் படியில், ஆஸ்பத்திரி பஸ் நிறுத்தத்திலேயே கழிந்திருக்குமா. கல் அந்த வழக்கத்தை உண்டாக்கியதா, வழக்கம் உட்கார இடம் தேடி அந்தக் கல்லைக் கண்டுபிடித்ததா. இதை யாரிடம் கேட்பது. மாடசாமி சாரிடம் சொன்னேன், யாரும் உட்காருவதில்லை சார் என்று. "ஒக்காராட்டி என்னம்மா, பாக்க லட்சணமா இருக்குல்ல" என்றார். அதுவும் உண்மைதான்.

பதினொன்று போய்விட்டது. பன்னிரண்டைக் கூப்பிட்டாயிற்று. நேரம் இப்போது மட்டும் சரிவில் உருளுகிறது. பக்கத்தைக் கிழித்துவிட்டால் என்ன. ஸ்பைரலில் இருந்து கிழித்தால் ஓரத்தில் பல் பல்லாகக் காகிதம் நிற்கும், பதினொன்றுக்குப் பிறகு பதின்மூன்று வரும், எண்ணத் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள். வாசகத்தை மட்டும் பேனாவால் அடித்துவிட்டால், அடித்ததைத்தான் முதலில் படிப்பார்கள். அப்படியே விட்டால். அப்படியே இருக்கட்டும். இந்தச் சொல் என் வாயில் எத்தனை சுலபமாக வருகிறது. அப்படியே விட்டால் ஒருவேளை கேட்கவே மாட்டார்கள், பக்கம் திரும்பிவிடும். கேட்டால், ஒன்றரை அடி எப்படி என்றால், பதில் தயாராக இருக்கிறது. உட்காரும் உயரம் பதினாறிலிருந்து பதினெட்டு அங்குலம், களைத்த உடலுக்கு மேல் எல்லை நல்லது, எழுவதற்குச் சுலபம். இது பொய்யில்லை, புத்தகத்தில் இருக்கிறது, ஜன்னல் கட்டி இரண்டு வருடம் கழித்துப் படித்தேன். இன்னொரு பதிலும் இருக்கிறது, இது நேற்று ரயிலில் தோன்றியது, மேல் படுக்கையில் நிமிர முடியாமல் படுத்திருந்தபோது. அன்றைக்குத் தென்காசி பஸ்ஸில் எனக்கு இடம் கிடைக்கவில்லை, திருநெல்வேலியிலிருந்து நின்றுகொண்டே போனேன், கால் கடுத்தது, யாராவது எழுந்தால் உட்காரலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அப்போது போன் வந்தது, அது அப்படியே இருக்கட்டும் என்று சொன்னது நான் இல்லை, உட்கார இடம் தேடிய என் கால்கள். இப்படிச் சொன்னால் அவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். எனக்கே புல்லரித்தது. பத்து நிமிடம் அதை நம்பினேன். பிறகு, நின்றேனா, உட்கார்ந்திருந்தேனா என்று நிஜமாகவே யோசித்துப் பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து போன ஞாபகமும் இருக்கிறது, காற்றில் பறந்த துப்பட்டாவைப் பல்லால் கடித்துக்கொண்டு ஒரு கையில் போன், ஆனால் அது வேறொரு நாளாக இருக்கலாம், அந்தப் பாதையில் நூறு தடவை போயிருப்பேன். கம்பியைப் பிடித்து நின்ற ஞாபகமும் இருக்கிறது. இரண்டும் சம அளவுக்குத் தெளிவாக இருக்கின்றன. நின்றேன் என்பதைத்தான் மனம் விரும்புகிறது, அது அழகாக இருப்பதால். அழகாக இருப்பதாலேயே அதன்மேல் சந்தேகம் வருகிறது. டீச்சர் வீட்டு மெத்தைபோல, உறையோடு.

அம்மா போன் செய்கிறாள். எடுக்காமல், காத்திருக்கிறேன் என்று செய்தி அனுப்பினேன். சாப்பிட்டியா என்று திரும்பி வந்தது. தாழ்வாரத்தின் கோடியில் படிக்கட்டு தெரிகிறது, கல் படிகள், கைப்பிடி இருக்கிற பக்கம் தேயாமல் சுவர்ப்பக்கம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது. ஏன் சுவர்ப்பக்கம். கைப்பிடியை விட்டுவிட்டு எல்லோரும் சுவரை ஒட்டி ஏன் ஏறினார்கள். பெரிய வரைபலகையைத் தூக்கிக்கொண்டு ஏறியிருப்பார்கள், பலகை கைப்பிடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும், ஆள் சுவரை ஒட்டுவான். அல்லது மேலே ஏறுகிறவன் இறங்குகிறவனுக்கு வழிவிட்டிருப்பான். அல்லது அந்தச் சுவர் குளிர்ச்சியாக இருக்கும். எழுந்து போய் சுவரைத் தொட்டுப் பார்க்கலாமா. பதின்மூன்று உள்ளே போயிருக்கும் நேரத்தில் எழுந்து போய்ச் சுவரைத் தொடுகிறவளை என்னவென்று நினைப்பார்கள். போனேன். குளிர்ச்சியாகத்தான் இருந்தது, ஆனால் கைப்பிடியும் குளிர்ச்சி. ஆயிஷா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "என்னக்கா, படிக்கட்டையும் அளக்கறீங்களா?" ஏன் இந்தப் பக்கம் மட்டும் தேய்ந்திருக்கு என்றேன். அவள் மாடலை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வந்து, நான்கு படி ஏறினாள், நான்கு படி இறங்கினாள். "நானும் சுவர்ப்பக்கம்தான் போறேன்" என்றாள், ஆச்சரியமாக. "ஏன்னு தெரியல." நாங்கள் இரண்டு பேரும் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ரொம்ப நாளைக்குப் பிறகு பதில் எதையும் தயார் செய்யாமல் நின்றதுபோல இருந்தது. போன வருடம் ஏன் மேற்படிப்பு என்று கேட்டபோது இந்தத் தெரியாமையைச் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரியாதது ஒன்றுகூட அந்தப் போர்ட்ஃபோலியோவில் இல்லை. இந்த வருடமும் இல்லை. தெரியாததை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு, தெரிந்ததுபோல ஒரு வரியைக் கீழே அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறேன்.

"பதினாலு. சங்கரகோமதி." நீட்டித்தான் சொன்னார். அறைக்குள் மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது. மூன்று பேர். இரண்டு பேர் போன வருடம் இருந்தவர்கள், அவர்களுக்கு என்னை ஞாபகம் இல்லை, அல்லது இருந்தும் காட்டவில்லை. இடதுபக்கம் ஒரு பேராசிரியை, கைத்தறிச் சேலை, கண்ணாடியைக் கயிற்றில் கட்டி மார்பில் தொங்கவிட்டிருக்கிறார். நடுவில் இருப்பவர் புத்தகத்தைத் திறந்தார். முதல் பக்கம், இரண்டாவது, அதே வேகம், அதே சத்தம். ஏழு, எட்டு. அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையை நீட்டி ஒரு பக்கத்தைத் தடுத்தார். பன்னிரண்டு. புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினார். படத்தைப் பார்த்தார், பிறகு கீழே இருந்த வரியை, உதடு அசையாமல், விரலை ஓட்டிப் படித்தார். "ஒன்றரை அடி" என்றார். "எப்படி முடிவு பண்ணினீங்க?" பதில் வாய்க்குள் வந்து நின்றது, பதினாறிலிருந்து பதினெட்டு. அதற்குப் பின்னால் இன்னொன்று, கால் கடுக்க. இரண்டும் வரிசையில் நின்றன. "நான் முடிவு பண்ணல மேடம்" என்றேன். "பஸ்ல இருந்தேன்." நடுவில் இருந்தவர் நிமிர்ந்தார். "இங்க வேற மாதிரி எழுதியிருக்கீங்களே?" "அது தப்பு சார்." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. தரையை ஏற்றியதைச் சொன்னேன், கொத்தனார் கேட்டதைச் சொன்னேன், நான் சொன்ன சொல்லைச் சொன்னேன். பூந்தொட்டிக்குப் போட்ட கல் என்று சொன்னேன். "இந்த ஒரு வீட்டுல அவங்க தினமும் உட்கார்றாங்க. இதையே அளந்து இன்னும் பதினோரு வீட்டுல போட்டேன். அங்க யாரும் உட்கார்றதில்ல. துணி வச்சிருக்காங்க. பேட்டரி வச்சிருக்காங்க. ஏன்னு தெரியல." வலதுபக்கம் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். நடுவில் இருந்தவர் என் விண்ணப்பத்தில் எதையோ தேடினார். அந்த அம்மா மட்டும் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார், சாய்ந்து கிடக்கிற ஷூவை. வெளியே தாழ்வாரத்தில் யாரோ படியில் ஏறி இறங்கும் சத்தம் கேட்டது, ஆயிஷாவாக இருக்கும்.

"எங்க போற பஸ்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"தென்காசி, மேடம்."

"உட்கார இடம் கிடைச்சுதா?"

ரயிலில் தோன்றிய பதிலைக் கொடுத்துவிடலாம். அவரே வாசலைத் திறந்து வைத்திருந்தார். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் அடுத்த வரி தானாக வந்துவிடும். அந்த பஸ்ஸுக்குள் இன்னொரு தடவை ஏறிப் பார்த்தேன். கம்பி, துப்பட்டா, காதில் சுடலைமுத்து அண்ணனின் குரல். முழங்கால் மடிந்திருந்ததா நிமிர்ந்திருந்ததா என்பது மட்டும் இல்லை.

"ஞாபகம் இல்ல மேடம்" என்றேன்.

அவர் உள்ளங்கையைப் புத்தகத்தின் மேல் பரப்பி வைத்தார், விசிறிக் காற்றில் தாள் எழும்பாமல் இருக்க. நான் பக்கம் திரும்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். திரும்பவில்லை.